லெந்தும் நோன்பும்: முஸ்லிம் அண்டைவீட்டாரோடு நாம் பழகுவது எப்படி?

சபை வாலிபர் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் பெரும்பாலும் இரண்டே பதில்தான் வரும். ஒன்று, "எல்லா சாமியும் ஒண்ணுதான் அண்ணே, மனுஷன்தான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க எழுந்துபோவது. இன்னொன்று, யூடியூபில் பார்த்த விவாதத்தை அப்படியே இறக்கி, "திரித்துவத்தைப் பற்றி அவங்க கேட்டா இப்படித்தான் மடக்கணும்" என்று வரிந்துகட்டுவது. இரண்டிலுமே ஓர் ஆள் காணாமல் போய்விடுகிறார். நிஜமாகவே அடுத்த வீட்டில் குடியிருக்கிற முஸ்லிம்தான் அவர்.

எல்லாம் ஒன்றுதான் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விடியும் முன்னே எழுந்து தொழுகிற ஒருவரிடம் போய் உங்கள் நம்பிக்கைக்கும் என் நம்பிக்கைக்கும் பெரிய வித்தியாசமில்லை என்றால், அவர் எதற்காக எழுந்தாரோ அதையே நாம் பொருட்படுத்தவில்லை என்றுதான் ஆகிறது. நம்மிடமும் யாராவது அப்படிச் சொன்னால் உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருக்கும். மரியாதை என்று நான் நினைப்பது வேறு. அவர் என்ன நம்புகிறார் என்பதை அவர் சொல்கிறபடியே தெரிந்துகொள்வது, எங்கே ஒத்துப்போகிறோம் எங்கே போகவில்லை என்பதை மறைக்காமல் இருப்பது, அப்புறம் பண்டிகை, சாப்பாடு, சாவு என்று அன்றாடம் எதிர்ப்படும் இடங்களில் பக்குவமாக நடந்துகொள்வது. இதற்கு இறையியல் பட்டமெல்லாம் வேண்டாம்.

நம்ம ஊரில் இது ஏட்டுக் கேள்வியும் அல்ல. 1826இல் கட்டிய ஊசிக்கோபுரம் ஆலயம் நிற்கிற பாளையங்கோட்டையும், தெருவுக்குத் தெரு பள்ளிவாசல் இருக்கிற மேலப்பாளையமும் ஒரே திருநெல்வேலி மாநகராட்சிக்குள், தாமிரபரணி ஆற்றுக்கு ஒரே கரையில் இருக்கின்றன. யோவான் கல்லூரியும் சேவியர் கல்லூரியும் இருக்கிற அதே பாளையங்கோட்டையில்தான் 1971இல் தொடங்கிய சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியும் இருக்கிறது. கடையநல்லூர், தென்காசி, காயல்பட்டினம் என்று எந்தப் பக்கம் போனாலும் கடையிலோ பஸ்ஸிலோ ஆபீசிலோ நாம் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க முடியாது.

அதற்காக உறவு எப்போதும் இனித்தது என்று கதைவிடவும் வேண்டியதில்லை. 1530களில் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் கடும் சண்டை நடந்தது, அந்த நெருக்கடியில்தான் பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பைத் தேடிப்போய் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் சவேரியார் இந்தக் கரைக்கு வருவதற்கு முன்பே நடந்தது அது. ஆக இந்தக் கடற்கரையில் கிறிஸ்தவம் வேர்விட்ட கதைக்குள்ளேயே ஒரு முஸ்லிம்–கிறிஸ்தவச் சண்டை இருக்கிறது. சண்டை மதத்துக்காக மட்டும் வரவில்லை, முத்துக்கும் கடலுக்கும் சேர்த்துத்தான் வந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கலாம்.

சரி, முதலில் நம்பிக்கைக்கு வருவோம். "அவங்க இயேசுவை நம்புறாங்களா?" என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. நம்புகிறார்கள், ஆனால் நாம் நம்புகிறபடி அல்ல. ஈஸா நபி என்பார்கள். கன்னியிடம் பிறந்தவர், நோயாளிகளைக் குணமாக்கியவர், மஸீஹ் (நம் பாஷையில் மேசியா), கடைசிக் காலத்தில் திரும்ப வருபவர், இதெல்லாம் அவர்களுக்கும் உண்டு. அவர் தேவகுமாரன் என்பதையும், சிலுவையில் மரித்தார் என்பதையும் குர்ஆன் ஏற்பதில்லை. நமக்கோ அந்த இரண்டும்தான் உயிர்நாடி. இந்த இடத்தில் சமரசம் பேச யாராலும் முடியாது, பேசவும் தேவையில்லை.

மரியாளைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர்தான், 19ஆம் அத்தியாயத்துக்கே மர்யம் என்று பெயர். அங்கே மாட்டுத் தொழுவம் கிடையாது. பிரசவ வேதனையில் தனியாகப் போய் ஒரு பேரீச்சை மரத்தடியில் ஒதுங்குகிறார், செத்துப்போயிருக்கக் கூடாதா என்று புலம்புகிறார், மரத்தை உலுக்கு, பழம் விழும், சாப்பிடு, தண்ணீர் குடி என்று ஒரு குரல் கேட்கிறது. பனங்காட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு அந்த மரத்தடிப் பிரசவம் உடனே கண்முன் வந்துவிடும். இதே அத்தியாயத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. மக்காவில் துன்புறுத்தப்பட்ட முதல் முஸ்லிம்களில் சிலர் கி.பி. 615 வாக்கில் கடல் தாண்டி அபிசீனியாவுக்கு ஓடிப்போனபோது, அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர் நஜாஷி என்ற கிறிஸ்தவ மன்னர். பிடித்துக்கொண்டு போக மக்காவிலிருந்து ஆட்கள் பின்னாலேயே வந்தபோது, மன்னருக்கு முன்னால் ஓதிக்காட்டப்பட்டது இந்த மர்யம் அத்தியாயத்தின் வரிகள்தான் என்று முஸ்லிம் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. மன்னர் அகதிகளை விட்டுக்கொடுக்கவில்லை. முஸ்லிம்களின் ஆரம்பக் கதையிலேயே நல்லவராக ஒரு கிறிஸ்தவர் வருகிறார் என்பது பேச்சைத் தொடங்க நல்ல இடம்.

அப்படியானால் அல்லாஹ்வும் நம் கர்த்தரும் ஒருவர்தானா? இதில் கிறிஸ்தவர்களே ஒரே குரலில் பேசுவதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட அறிக்கை, முஸ்லிம்கள் ஒரே கடவுளை வணங்குகிறவர்கள் என்று சொல்லி அவர்களை மதிப்போடு குறிப்பிட்டது. நம் சீர்திருத்த சபைகளில் பலர் அந்த அளவுக்குப் போகமாட்டார்கள். 2007இல் 138 முஸ்லிம் அறிஞர்கள் உலகக் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். இறைவனை நேசிப்பதும் அயலானை நேசிப்பதும் இரு பக்கத்துக்கும் பொது, அங்கிருந்து பேசத் தொடங்கலாம் என்பதுதான் அதன் சாரம். எனக்கு இது நடைமுறைக்கு ஒத்துவருவதாகப் படுகிறது. அல்லாஹ்வும் கர்த்தரும் ஒருவர்தானா என்ற கேள்விக்கு முடிவு தெரிந்த பிறகுதான் பக்கத்து வீட்டாரோடு பேசுவேன் என்றால் ஆயுசு போதாது.

இனி அன்றாடம். 2025இல் ரம்ஜான் நோன்பு இங்கே மார்ச் 2 அன்று தொடங்கியது, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து தொடங்கும் சாம்பல் புதன் மார்ச் 5. அவர்கள் நோன்பும் நம் லெந்து காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே நடந்தன. எப்போதும் இப்படி அமையாது. இஸ்லாமிய ஆண்டு பிறையைக் கணக்கிடுவதால் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே போகும். நம் லெந்தில் கறி மீன் விடுவோம், கல்யாணம் வைக்கமாட்டோம், சிலர் ஒருவேளை விடுவார்கள். அவர்கள் நோன்பு வேறு கணக்கு. விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு சரி, பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. இரவில் தராவீஹ் தொழுகை வேறு இருப்பதால் தூக்கமும் அரைகுறைதான். திருநெல்வேலி வெயிலில் கடையில் நிற்பவர் மதியம் நாலு மணிக்குக் கொஞ்சம் சிடுசிடுத்தால் அதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் எதிரில் சாப்பிடலாமா? சாப்பிடலாம், ஒளிந்துகொண்டு சாப்பிட வேண்டியதில்லை. அவர்கள் அதை எதிர்பார்ப்பதும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் முக்கியம்: "ஏன் இன்னைக்கு நோன்பு வைக்கலையா?" என்று யாரையும் கேட்காதீர்கள், அதிலும் பெண்களைக் கேட்கவே கேட்காதீர்கள். நோயாளிகள், பயணத்தில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு விலக்கு உண்டு, மாதவிலக்கு நாட்களில் பெண்கள் நோன்பு வைப்பதில்லை. ஆபீஸ் நடுவில் நாலு பேர் காதில் விழும்படி நாம் அக்கறையாகக் கேட்கும் அந்த ஒரு கேள்விக்கு அவர் என்ன பதில் சொல்வார்?

அஸர் என்ற பிற்பகல் தொழுகை முடிகிற நேரத்தில் மேலப்பாளையம் பக்கம் போனால் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியோடு ஒரு வரிசை நிற்கும். பெரிய தேக்சாவில் நோன்புக் கஞ்சி: அரிசி, சிறுபருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், வசதிப்பட்ட நாளில் கொத்துக்கறி. இதற்காகத் தமிழக அரசே வருஷாவருஷம் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி கொடுக்கிறது. வரிசையில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் நிற்பார்கள், யாரும் கேட்பதில்லை. நம் பக்கத்திலும் பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனை முடிந்ததும் பல கோயில்களில் கஞ்சி ஊற்றுகிறோம் அல்லவா? அடுத்த வீட்டிலிருந்து ஒரு வாளி கஞ்சி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வாளியைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுக்கிற பழக்கம் நம்ம ஊரில் கிடையாது, நாலு வாழைப்பழமாவது வைத்துக் கொடுங்கள், நோன்பு திறக்கிற நேரத்துக்கு முன்னால் கொடுத்தால் இன்னும் நல்லது.

சாப்பாட்டில்தான் நுணுக்கங்கள் அதிகம். நாம் கொடுக்கும் பக்கம் முதலில். பன்றிக்கறியும் மதுவும் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் கிறிஸ்துமஸ் பிளம் கேக்கில் ரம் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க மறந்துவிடுவோம். ரம் இல்லாத கேக்காக வாங்குங்கள், அல்லது முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் போதும். ஆடு கோழி என்றால் ஹலால் முறையில் அறுத்ததாக இருக்க வேண்டும். சபையார் சேர்ந்து விருந்துண்ணும் அசனப் பண்டிகைக்கு முஸ்லிம் அயலாரையும் கூப்பிட வேண்டும் என்று கமிட்டிக்கு ஆசையிருந்தால், ஆட்டைக் கறிக்கடை பாயிடம் அறுக்கச் சொன்னால் வேலை முடிந்தது. சொல்லிக் கூப்பிடுங்கள், "பாய்தான் அறுத்தாரு" என்று. பந்தியில் உட்கார்ந்த பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்கும்படி வைக்காதீர்கள்.

வாங்கும் பக்கத்தில் ஒரு பழைய தகராறு. பக்ரீத்துக்கு வரும் குர்பானிக் கறியை நம்மில் சிலர், குறிப்பாகப் பெந்தெகொஸ்தே சபைகளில், விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒதுக்குவார்கள். அங்கே விக்கிரகம் எதுவும் இல்லை. ஆபிரகாம் தன் மகனைப் பலியிடத் துணிந்த கீழ்ப்படிதலை நினைத்து, ஒரே இறைவனின் பெயரைச் சொல்லி அறுக்கிறார்கள். நாம் ஈசாக்கு என்போம், அவர்கள் இஸ்மாயில் என்பார்கள். வீட்டுக்கு ஒரு பங்கு, சொந்தக்காரர் சிநேகிதருக்கு ஒரு பங்கு, ஏழைகளுக்கு ஒரு பங்கு என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். நம் வீட்டுக்கு வருவது அந்த இரண்டாம் பங்கு. இவ்வளவும் தெரிந்த பிறகும் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை என்றால் சாப்பிட வேண்டாம், அது அவரவர் விசுவாசம். ஆனால் வாசலில் நின்று வேத வசனம் சொல்லித் திருப்பி அனுப்புவது அநாகரிகம். "கறி வேண்டாம் மைனி, வட்டலப்பம் கொடுங்க" என்றால் அவரும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போவார்.

இதன் மறுபக்கமும் உண்டு. சில முஸ்லிம்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லமாட்டார்கள், சிலர் கேக்கை வாங்கமாட்டார்கள். தேவகுமாரன் பிறந்த நாளுக்கு வாழ்த்துச் சொன்னால் அந்த நம்பிக்கையையே ஒத்துக்கொண்டது போலாகும் என்பது அவர்கள் தயக்கம். இன்னும் பலர் தாராளமாக வீட்டுக்கே வந்து வாழ்த்திவிட்டுப் போவார்கள். சொல்லாதவர்மேல் வருத்தப்படும் முன் ஒன்றை யோசிக்கலாம்: அம்மன் கோவில் கொடை பிரசாதத்தை நாம் எத்தனை பேர் வேண்டாம் என்று சொல்கிறோம்? கொண்டுவந்து தருகிறவர் நம்மேல் கோபப்படாமல் இருப்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோமே, அந்தச் சலுகையை மேலப்பாளையத்துக்கும் கொடுத்தால் என்ன? ஜனவரியில் சபை சார்பில் அச்சடிக்கிற காலண்டரிலும் கவனம் வேண்டும். நபிமார்களை உருவமாக வரைவதை அவர்கள் ஏற்பதில்லை, ஈஸா நபியும் அதில் அடக்கம். இயேசு படம் போட்ட காலண்டரை அன்போடு கொடுத்தால் அவர் மாட்டவும் முடியாமல், கிழிக்கவும் மனசில்லாமல் அல்லாடுவார்.

சாவு வீடு. முடிந்தவரை அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள், அதனால் கேள்விப்பட்டதும் கிளம்ப வேண்டும், நாளைக்குப் போகலாம் என்றால் எல்லாம் முடிந்திருக்கும். நாம் பழக்கதோஷத்தில் மாலையோ மலர்வளையமோ வாங்கிக்கொண்டு போவோம், அங்கே அந்த வழக்கம் இல்லை. பெண்கள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு உள்ளே பெண்களோடு உட்காரலாம், ஆண்கள் வெளியே. பொதுவாகப் பெண்கள் கபர்ஸ்தான் என்ற அடக்க இடத்துக்குப் போவதில்லை. இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை நடக்கும்போது நாம் ஒதுங்கி அமைதியாக நின்றால் போதும், சேர்ந்து நிற்கச் சொல்லி யாரும் வற்புறுத்தமாட்டார்கள். உரக்கப் பாட்டுப் பாடி ஜெபிக்கும் வழக்கத்தை அன்றைக்கு மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், மனசுக்குள் ஜெபிக்க யார் அனுமதியும் வேண்டாம்.

இப்போது எனக்குக் கோபம் வருகிற இடம். "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று, ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் பண்ணினோம். 2020இல் கொரோனா தொடங்கிய நாட்களில் மேலப்பாளையத்தைத் தடுப்பு வைத்து அடைத்தபோது, டெல்லியில் நடந்த தப்லீக் ஜமாஅத் மாநாட்டைச் சாக்காக வைத்து ஒரு சமூகமே வேண்டுமென்று நோயைப் பரப்புகிறது, சாப்பாட்டில் துப்புகிறார்கள் என்றெல்லாம் வீடியோக்கள் பறந்தன. வாக்குத்தத்த வசனம் அனுப்புகிற அதே ஜெபக்குழு குரூப்புகளில் அவையும் வந்தன, அனுப்பியவர்கள் கெட்டவர்களும் அல்ல. பத்துப் பேருக்கு அனுப்பும்முன் தெரிந்த ஒரு முஸ்லிமிடம் "இது நிஜமா?" என்று கேட்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை, ஏனென்றால் அப்படிக் கேட்க ஓர் ஆள் பலருக்கு இல்லை. சர்ச்சுகளைப் பற்றியும் மதமாற்றப் பணம் என்று இதே மாதிரி வதந்திகள் சுற்றத்தான் செய்கின்றன. நம்மைப் பற்றிப் பொய் வரும்போது துடிக்கிற நாம் அடுத்தவரைப் பற்றி வரும்போது விரலை நிறுத்தினால் ஒன்பதாம் கட்டளைக்கு அர்த்தம் இருக்கும்.

மூன்றே ஆண்டு கழித்து, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வேறொன்று நடந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, தாமிரபரணி கரைமீறி ஊர்களுக்குள் புகுந்தது, கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. செய்துங்கநல்லூரில் இந்துக் குடும்பங்களைப் பள்ளிவாசலில் தங்கவைத்துச் சாப்பாடு போட்ட செய்தி பத்திரிகைகளில் வந்தது. அந்த வாரத்தில் யாரும் துப்புகிற வீடியோ அனுப்பியதாக எனக்கு நினைவில்லை.

சுவிசேஷம் சொல்லலாமா என்பது அடுத்த கேள்வி. மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு எல்லாருக்கும் உரிமை தருகிறது. நமக்கு ஊழியம் போல அவர்களுக்கு தஃவா என்ற மார்க்க அழைப்புப் பணி உண்டு. இரண்டும் ஆள் சேர்க்க விரும்பும் மதங்கள்தான், அதை மறைத்து நடிப்பது நேர்மையல்ல. மதம் மாறுவது என்ற பேச்சும் நெல்லைச் சீமைக்குப் புதிதல்ல: 1799இல் புதுக் கிறிஸ்தவர்களுக்காக முதலூர் உருவானது, 1981இல் மீனாட்சிபுரத்தில் தலித் மக்கள் பெருவாரியாக இஸ்லாத்தைத் தழுவியது நாடு முழுக்கப் பேசப்பட்டது. இரண்டு இடத்திலும் சாதிக் கொடுமை பின்னால் இருந்தது என்பதை மறந்துவிட்டுப் பேச முடியாது. ஆகவே அளவுகோல் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: நம் பிள்ளைகளிடம், நம் நோயாளிகளிடம், கடனில் மாட்டிய நம் வீட்டாரிடம் அவர்கள் எப்படி நடந்துகொள்ளக் கூடாது என்று நினைக்கிறோமோ அப்படி நாமும் நடக்கக் கூடாது. பேதுரு சொல்வது "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லும்படி. கேட்கிறவருக்கு என்பதைக் கவனிக்கலாம். நோன்பு திறக்கக் காத்திருக்கிறவர் கையில் கைப்பிரதியைத் திணிப்பதை எந்த விதத்தில் வணக்கம் என்பது? ஹைதராபாத்தில் இருக்கிற ஹென்றி மார்ட்டின் நிறுவனம் 1930இல் லாகூரில் தொடங்கியபோது முஸ்லிம்களிடையே ஊழியம் செய்பவர்களைப் பயிற்றுவிப்பதுதான் நோக்கம். பின்னாளில் அதுவே சமய நல்லுறவுக்கும் ஒப்புரவுக்கும் வேலை செய்யும் இடமாக மாறியது. கிட்டத்தில் போய்ப் படிக்கப் படிக்க அப்படித்தான் ஆகும்போல.

முஸ்லிம்கள் எல்லாரும் ஒரே அச்சு என்று நினைக்காதீர்கள். நம்மில் சிஎஸ்ஐ, ஆர்சி, பெந்தெகொஸ்தே என்று இருப்பதுபோல அங்கேயும் உண்டு. பொட்டல்புதூர், ஆத்தங்கரைப் பள்ளிவாசல் போன்ற தர்ஹாக்களுக்கு நேர்ச்சையோடு போகிறவர்கள் இருக்கிறார்கள், அங்கே இந்துக்களும் கிறிஸ்தவர்களும்கூடப் போகிறார்கள். தர்ஹாவே கூடாது என்று சொல்கிற தவ்ஹீத் காரர்களும் இருக்கிறார்கள். பிறைக் கணக்கில் வேறுபட்டு ஒரே ஊரில் இரண்டு நாள் பெருநாள் வருவதும் உண்டு. எந்தப் பக்கம் சரி என்று நாம் தீர்ப்புச் சொல்லப் போக வேண்டாம், யாரிடம் எந்த நாளில் வாழ்த்துவது என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

கடைசியாக, பள்ளிவாசலுக்குள் போய்ப் பார்க்கலாமா என்று பலருக்கு ஆசை, கேட்கத்தான் கூச்சம். தெரிந்த நண்பர் மூலமாக ஜமாஅத் நிர்வாகிகளிடமோ இமாமிடமோ கேளுங்கள், பல இடங்களில் மகிழ்ச்சியாகவே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். பெண்களை உள்ளே விடுவது ஊருக்கு ஊர் மாறும், அதை முன்னாலேயே கேட்டுவிடுங்கள். வெள்ளி மதியம் ஜும்ஆ நெரிசலில் போக வேண்டாம், அஸர் முடிந்து, மக்ரிப் என்ற அந்தித் தொழுகைக்கு முன்னால் கொஞ்சம் ஓய்வாக இருக்கும். அரைக்கால் டவுசர் வேண்டாம். செருப்பை வெளியே விட்டு, போனை சைலண்டில் போட்டு, தொழுதுகொண்டிருப்பவருக்கு முன்னால் குறுக்கே நடக்காமல் ஓரமாகப் போங்கள். உள்ளே படமோ பீடமோ இருக்காது, மக்காவின் திசையைக் காட்டும் ஒரு மாடமும், பக்கத்தில் பிரசங்கம் செய்ய ஒரு படிமேடையும்தான். பதிலுக்கு அவரை நம் கோயிலுக்குக் கூப்பிடும்போது திருவிருந்து ஆராதனை நாளைத் தவிர்த்துவிடுங்கள். எல்லாரும் எழுந்து முன்னால் போகும்போது அவர் மட்டும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்க நேரும். ஆராதனை இல்லாத ஒரு சாயங்காலம் வந்தால் நிதானமாகச் சுற்றிக் காட்டலாம். முதல் கேள்வி பெரும்பாலும் சிலுவையைப் பற்றித்தான் வரும், என்ன சொல்வது என்று முன்னாடியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.